மாமி போட்ட புள்ளி

சந்தையில் இரண்டு பெண்கள் சண்டை போட்டால் சிலர் விலக்கிவிடுவார்கள், பலர் வேடிக்கை பார்ப்பார்கள். என் மாமி புள்ளி போடுவாள். மார்த்தாண்டம் சந்தையில் கிழங்குக்காரியும் மீன்காரியும் ஒருவர் குலத்தை ஒருவர் இழுத்துப் போட்டுக் கிழித்துக்கொண்டிருக்கும்போது, மாமி கூடையை இடுப்பில் இடுக்கி, தலையை ஒரு பக்கம் சாய்த்து, கடைசி வார்த்தைவரை கேட்பாள். பிறகு தீர்ப்பு வரும்.

“கிழங்குக்காரிக்கு சத்தம் கூடுதல், சரக்கு இல்ல. மீன்காரி கொஞ்சந்தான் பறைஞ்சா. பறைஞ்சது எல்லாம் கொள்ள வேண்டிய எடத்துல கொண்டுது. புள்ளி மீன்காரிக்கு.”

இதை என்னிடம் மட்டும் சொல்லியிருந்தால் பரவாயில்லை. தோற்றவளிடமே போய், எந்த இடத்தில் கோட்டைவிட்டாள் என்று விளக்கியும் வைப்பாள். ஊரில் மாமியை யாருக்கும் அவ்வளவாகப் பிடிக்காததற்கு இது ஒரு காரணம். முதல் காரணம் வேறு. அவள் என் மாமனுக்கு இரண்டாம்தாரம்.

மாமன் எங்கள் சபையில் உபதேசியார். போதகர் மாதத்துக்கு ஒரு முறை வில்வண்டியில் வந்து போவார். மற்ற நாட்களில் ஜெபம் நடத்துவது, சாவு வீட்டுக்குப் போவது, பிள்ளைகளுக்கு வேதபாடம் சொல்வது எல்லாம் மாமன் பாடு. அவருடைய முதல் மனைவியை நாங்கள் மூத்த மாமி என்போம். அவள் பாடினால் கோயிலில் கைக்குழந்தைகூட அழாது என்பார்கள். சிரித்த முகம். யார் வீட்டு விசேஷத்துக்கும் முதல் ஆளாக வந்து தேங்காய் திருவ உட்காருவாள். காய்ச்சலில் சட்டென்று போய்ச் சேர்ந்துவிட்டாள். உயிரோடு இருந்தபோதே எல்லோருக்கும் பிரியம். செத்த பிறகு அவளிடம் குறை என்று ஒன்றுகூட மிச்சமில்லாமல் போய்விட்டது.

அந்த இடத்தில் வந்து நின்றவள்தான் இந்த மாமி. பாட்டு வராது, சிரிப்பும் சுருக்கம். அவள் வந்த பிறகு வீட்டுக்கூரை ஒழுகவில்லை. மாமனின் வேட்டி முன்னைவிட வெளுப்பாக இருந்தது, அவருடைய பிரசங்கம் முன்னைவிடச் சின்னதாக இருந்தது. இரண்டும் மாமியின் வேலை. பிரசங்கம் சுருங்கியதாவது சபைக்கு ஒரு பெரிய உபகாரம். ஆனால் யாரும் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. மாமன் மட்டும் என்ன? தினமும் மத்தியானம் மீன்கறியைச் சோற்றில் பிசைந்து முதல் உருண்டையை விழுங்கிவிட்டு ஒரே வசனத்தைச் சொல்வார்.

“கொள்ளாம். ஆனா மூத்தவளுக்க கறி மாதிரி வரல்ல.”

மாமி கரண்டியைச் சட்டி விளிம்பில் ஒரு தட்டு தட்டுவாள். அவ்வளவுதான்.

இப்படிப்பட்டவளுக்குக் குத்துச்சண்டைப் பைத்தியம் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். அவள் ஒரு குத்துச்சண்டையையும் கண்ணால் கண்டவள் இல்லை. நான் அறிய அவள் திருவனந்தபுரத்தைத் தாண்டிப் போனதும் இல்லை. மிஷன் பங்களாவின் பின்புறம் ஒரு நீளக் கூடத்தில் நாங்கள் பெண்கள் லேஸ் பின்னுவோம். மாமி அங்கே மேற்பார்வை. பின்னி முடிந்த லேஸைச் சரிபார்த்து, கரி போட்ட இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து, மடித்து அனுப்புவது அவள் பொறுப்பு. பின்னுவதற்கான நூல் சீமையிலிருந்து கப்பலில் கட்டுக்கட்டாக வரும். கட்டைச் சுற்றி அந்த நாட்டு இங்கிலீஷ் பத்திரிகைத் தாள். கூடத்தை நடத்திய மிஷனரித் துரைசாணி நூலை எடுத்துக்கொண்டு தாளைக் கசக்கிப் போடுவார். மாமி அதைப் பொறுக்கி, லேஸ் தேய்த்த சூட்டிலேயே அதையும் தேய்த்து, சுருக்கமில்லாமல் ஆக்கி வாசிப்பாள். போர்டிங் பள்ளியில் படித்த இங்கிலீஷ் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. பத்திரிகையின் எந்தப் பக்கம் நூலைச் சுற்றி வரும் என்பது கர்த்தருக்கே வெளிச்சம். பெரும்பாலும் விளையாட்டுப் பக்கம்தான் வந்தது.

அப்படித்தான் அந்த வெள்ளைக்காரச் சாம்பியன் எங்கள் லேஸ் கூடத்துக்குள் வந்து சேர்ந்தான். கனத்த உடம்புக்காரர்களின் பிரிவில் உலகத்துக்கே சாம்பியன். அவன் பெயரை மாமி ஒருநாளும் சொன்னதில்லை. ‘நம்மாளு’ என்பாள். அவனுக்கு முன்னால் சாம்பியனாக இருந்தவன் ‘மற்றவன்’.

மற்றவன் ஜனங்களின் செல்லப்பிள்ளை. காட்டுமாடு மாதிரி பாய்ந்து விழுந்து அடிப்பானாம். அவன் அடித்து ஆள் விழுந்தால் கூட்டம் தொப்பியை வானத்தில் எறியுமாம். நம்மாளு அப்படி இல்லை. பின்னால் போவான், சுற்றிச் சுற்றி வருவான், அடி விழும் இடத்தில் இருக்கமாட்டான். எதிராளி காற்றை அடித்துக் களைத்த பிறகு, நேரே மூக்கில் ஒன்று வைப்பான். மறுபடியும் பின்னால் போவான். கடைசியில் யார் யார் எத்தனை அடி சரியாக வைத்தார்கள் என்று நடுவர்கள் புள்ளி கூட்டிப் பார்ப்பார்கள், நம்மாளு ஜெயித்திருப்பான். போதாக்குறைக்குச் சண்டைக்கு முன்னால் அறைக்குள் உட்கார்ந்து புத்தகம் வாசிப்பானாம். அதற்காகவே பத்திரிகைக்காரர்கள் அவனைக் கிண்டலடித்தார்கள். மற்றவனைத் தோற்கடித்து இவன் சாம்பியனான அன்றைக்கு, கூட்டம் தோற்றவனுக்குக் கைதட்டியதாம்.

“ஜெயிச்சவனப் பாத்து ஊளையிட்டிருக்கானுவ, கேட்டியா?” என்று மாமி இஸ்திரிப் பெட்டியை ஓங்கி வைத்தாள். “அவனுக்க மூக்கப் பாரு. நேரா இருக்கா? இத்தன வருஷம் சண்ட போட்டவனுக்கு மூக்கு இப்பிடி இருக்குன்னா அவனுக்கு எவ்வளவு புத்தி இருக்கணும்?”

நாங்கள் எல்லோரும் தாளைச் சுற்றி நின்று படத்திலிருந்த மூக்கைப் பார்த்தோம். நேராகத்தான் இருந்தது. கூடத்தில் இரண்டு கட்சி உண்டாயிற்று. நம்மாளு கட்சியில் மாமி ஒருத்தி, மாமிக்குப் பயந்து நான். மற்றவன் கட்சியில் மீதி எல்லோரும். அவர்களுக்குத் தலைவி ஞானப்பூ. எங்களில் விரல்வேகம் அதிகம் அவளுக்கு. வாய் அதைவிட வேகம்.

“ஒங்காளு ஜெயிச்சான், செரி,” என்பாள் ஞானப்பூ. “ஆனா பாக்கியதுக்கு என்ன சுகம்? மற்றவன் தோத்தாலும் பாக்க அழகு.”

“ஏட்டி, சண்ட என்ன கல்யாணமா, பாக்க அழகா இருக்கியதுக்கு?”

“பின்ன காசு குடுத்து வந்தவன் புள்ளியவா பாப்பான், மாமி?”

இந்த வழக்கு மாதக்கணக்காக நடந்தது. ஒவ்வொரு நூல்கட்டும் ஒரு வாய்தா. மாமி சொன்னதன் சாரம் இதுதான்: ஒருவனைக் குறைத்து மதிப்பிட வேண்டுமென்றால் அவன் தோற்க வேண்டியதில்லை, ஊருக்குப் பிடித்தவனை ஜெயித்தால் போதும். எனக்கு அப்போதும் சரி, இப்போதும் சரி, அதில் மறுப்பில்லை. ஒருநாள் குளத்தில் துணி துவைக்கும்போது ஞானப்பூ என் காதில் சொன்னாள்.

“ஒனக்க மாமி ஆருக்கு வேண்டி இந்த வக்காலத்து வாங்குதான்னு எனக்கு மனசிலாச்சு. மூத்தவ மற்றவன். இவ நம்மாளு. இவளுக்க வழக்கு அந்தச் சண்டக்காரனுக்கு வேண்டி இல்ல பிள்ளே.”

எனக்குச் சுருக்கென்றது. அதுவரை அப்படி யோசித்திருக்கவில்லை. யோசித்த பிறகு மாமியின் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. அதிலும் மூத்த மாமியின் நினைவு ஜெபத்தன்று.

வருஷாவருஷம் அவள் இறந்த நாளில் மாமன் வீட்டில் அந்த ஜெபம் நடக்கும். சபையார் பாய் விரித்து உட்கார்ந்து, ஒவ்வொருவராக எழுந்து, இறந்தவளைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்வார்கள். பாட்டைப் பற்றிச் சபையின் மூப்பர், சிரிப்பைப் பற்றி ஒருவர், மீன்கறியைப் பற்றிக் குறைந்தது நாலு பேர். உள்ளே, வந்திருப்பவர்களுக்கெல்லாம் மரச்சீனிக் கிழங்கு அவித்து, கட்டன் சாயா போட்டுக்கொண்டிருப்பது இளைய தாரம். கதவிடுக்கு வழியாக எல்லாம் அவள் காதில் விழும். ஆட்கள் போன பிறகு பாத்திரம் கழுவியபடி என்னிடம் சொல்வாள்.

“போன வருஷத்தவிட இந்தத் தடவ மூத்தவளுக்குப் புள்ளி கூடுதல். மூப்பர் நல்லா பறைஞ்சாரு.”

மூத்த மாமியைப் பற்றி ஒரு தப்பான வார்த்தை அவள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அந்த வருஷம் நம்மாளும் மற்றவனும் மறுபடியும் மோதப்போவதாக ஒரு நூல்கட்டு செய்தி கொண்டுவந்தது. மாமிக்கு வெப்ராளமும் பரபரப்பும் தாங்கவில்லை. வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபத்தில் ‘யாருக்காவது விண்ணப்பம் உண்டா’ என்று மாமன் கேட்டார். ஒருத்தி கால்வலிக்கு ஜெபிக்கச் சொன்னாள், ஒருத்தி பசுமாட்டுக்கு. மாமி எழுந்தாள்.

“அக்கரையில ஒரு சகோதரன் இருக்காரு. நல்ல மனுசன். பெலமான ஒரு எதிராளி மறுபடியும் எழும்பி வாறான். ஜனங்களும் இவருக்கு எதிராட்டு நிக்கு. அவருக்கு ஜெயம் கிட்டணும்.”

ஒரு பொய் இல்லை பாருங்கள். அக்கரை என்றால் மிஷனரி, எதிராளி என்றால் சாத்தான் என்று சபை தானாகவே புரிந்துகொண்டது. மாமனுக்கு உணர்ச்சி பொங்கிவிட்டது. ‘எதிராளியின் கையை முறியும் ஆண்டவரே, உம்முடைய தாசனின் கரத்துக்குப் பெலன் தாரும்’ என்று கண்ணீர் விட்டு ஜெபித்தார். ஒரு குத்துச்சண்டைக்காரனுக்கு அதைவிடப் பொருத்தமான ஜெபம் இருக்க முடியாது. அடுத்தடுத்த வாரங்களிலும் விண்ணப்பம் தொடர்ந்தது. இரண்டு விதவைகள் அந்தச் சகோதரனுக்காக உபவாசம்கூட இருந்தார்கள்.

“மாமி, இந்தத் தாள் கப்பல்ல வந்து சேருமுன்ன சண்ட முடிஞ்சிருக்குமே,” என்றேன் நான்.

“நமக்குத்தான் சுணக்கம். ஆண்டவருக்கு என்ன சுணக்கம்? முன்கூட்டியே கேட்டிருப்பாரு.”

கேட்டுத்தான் இருந்தார். அடுத்த நூல்கட்டில் முடிவு வந்தது. நம்மாளு ஜெயித்திருந்தான், ஆனால் நடுவில் ஒரு முறை விழுந்துவிட்டான். விழுந்தவனை நடுவர் பத்துவரை எண்ணுவார், அதற்குள் எழாவிட்டால் தோல்வி. ஆனால் விழுத்தியவன் தள்ளிப் போய் மூலையில் நின்றால்தான் எண்ணத் தொடங்க வேண்டும் என்பது சட்டம். மற்றவன் போகவில்லை. எழுந்தால் அடிக்கலாம் என்று விழுந்தவனின் தலைமாட்டிலேயே நின்றான். அதனால் எண்ணத் தொடங்கத் தாமதம். நம்மாளு ஒன்பதில் எழுந்து, மீதிச் சண்டையையும் போட்டு ஜெயித்தான். அவன் ஜெயித்ததைப் பற்றி யாரும் பேசவில்லை, எண்ணத் தாமதமானதைப் பற்றியே பத்திரிகை முழுக்கப் புலம்பல்.

“விழுந்து கெடக்கவனுக்க தலமாட்டுல நிக்கியவனுக்கா கைதட்டு?” மாமி அந்தத் தாளை இரண்டு முறை தேய்த்தாள். கடைசியில் அதில் கருகல் விழுந்தது.

வெள்ளிக்கிழமை அவள் எழுந்து, சகோதரனுக்கு ஜெயம் கிடைத்ததாகச் சாட்சி சொன்னாள். சபை தோத்திரப் பாட்டுப் பாடியது. அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதை இல்லை. உபவாசம் இருந்த விதவைகளுக்கு அந்தத் தேவதாசனுக்கு ஏதாவது அனுப்ப வேண்டுமென்று ஆசை. ஓரத்தில் லேஸ் பின்னிய கைக்குட்டை ஒன்றைத் துரைசாணியிடம் கொண்டுபோய்க் கொடுத்து, தபாலில் சேர்க்கச் சொன்னார்கள். துரைசாணி மாமியைக் கூப்பிட்டு யாருக்கு என்று கேட்டார். நேருக்கு நேர் கேட்டால் மாமிக்குப் பொய் வராது. சொல்லிவிட்டாள். துரைசாணி நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தார். சிரிப்பு அடங்காமல் போதகரிடமும் சொன்னார். போதகர் சிரிக்கவில்லை.

சபைக் கமிட்டி கூடியது. காசுக்காக ஆளை அடிக்கிறவனுக்காகச் சபையை ஜெபிக்க வைத்தது பெருங்குற்றம் என்றார் மூப்பர். வரும் ஞாயிற்றுக்கிழமை மாமி கோயிலில் எழுந்து நின்று, தான் செய்தது தவறு, அந்த மனுஷன் துஷ்டன் என்று அறிக்கை செய்ய வேண்டும். இல்லையென்றால் உபதேசியார் வேலைக்கு வேறு ஆள். வேலை போனால் வீடும் போகும், அது மிஷன் வீடு. மாமன் அன்று சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். கறி எப்படி இருக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை.

“ஒரு வார்த்த பறைஞ்சா முடிஞ்சு போவும்,” என்றார்.

“பாப்போம்,” என்றாள் மாமி.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. வருஷத்தில் ஒருமுறை அசனச் சாப்பாட்டுக்கு வருகிறவர்கள்கூட வந்திருந்தார்கள். மாமி எழுந்து முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

“ஆருக்கு வேண்டி ஜெபம்னு தெளிவாட்டு பறையாதது எனக்க பெழ. அதுக்கு சபையாரு மன்னிக்கணும். உபவாசம் இருந்த ரெண்டு பேரும் விசேஷமா மன்னிக்கணும்.” மூப்பர் பக்கம் திரும்பினாள். “ஆனா அந்த மனுசன் துஷ்டன்னு பறைய எனக்கு வாய் வராது. அவன் கள்ளத்தனம் செய்யல்ல. விழுந்தான், எழும்பினான், சட்டப்படி ஜெயிச்சான். ஊருக்குப் பிடிக்கல்லேன்னா அது அவனுக்க குத்தமா?”

கடைசி வரியில் அவள் குரல் உடைந்தது. பின்வரிசையிலிருந்த ஞானப்பூ, மற்றவன் கட்சித் தலைவி, தலையைக் குனிந்துகொண்டாள்.

மூப்பர் எழுந்தார். “மூத்தவ இருந்திருந்தா இந்தச் சபைக்கு இப்பிடி ஒரு நாணக்கேடு வருமா? அவ பாட்டு என்ன, அவ கொணம் என்ன, அவ வச்ச கறி என்ன. அவ நின்ன எடத்துல நின்னுட்டு...”

“மூப்பரே.”

மாமன் எழுந்து நின்றார். பிரசங்கத்தில் கத்துகிற மனுஷனுக்கு அன்று குரலே எழும்பவில்லை.

“மூத்தவளுக்க மீன்கறியில உப்பு கூடுதல்.”

எல்லாத் தலைகளும் மாமன் பக்கம் திரும்பின.

“என்னைக்கும் கூடுதலாக்கும். நான் தண்ணி குடிச்சு குடிச்சுத் தின்னேன். இவ வைக்கிய கறியில ஒரு கொறையும் கெடையாது. இத்தன வருஷம் நான் மாத்திப் பறைஞ்சேன்.”

“உள்ளதுதான். அசனத்துக்கு வச்சப்போ நானும் தின்னேன்,” என்றது பின்னாலிருந்து ஒரு கிழக்குரல். யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். மூப்பர் உட்கார்ந்தார். போதகர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மன்னிப்புக் கேட்டாகிவிட்டது, அது போதும் என்று அவசரமாகச் சொல்லி ஆசீர்வாதம் கூறி முடித்தார். உப்பு விஷயத்தில் கமிட்டிக்குத் தீர்மானம் போட வழி எதுவும் இல்லை. வீடு தப்பியது.

திரும்பி வரும்போது மாமன் முன்னால் நடந்தார், மாமியும் நானும் பின்னால். ஒரு நல்ல வார்த்தையை எதிர்பார்த்து அவர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். தென்னந்தோப்பு வளைவு வந்ததும் மாமி நின்றாள்.

“நீங்க செய்தது செரியில்ல.”

“ஒனக்கு வேண்டித்தானே ஏட்டி பறைஞ்சேன்.”

“அவ விழுந்து கெடக்கா. எழும்பி வந்து பதில் பறைய அவளால முடியுமா? விழுந்து கெடக்கவளுக்க தலமாட்டுல நின்னு அடிக்கப்பிடாது. மூலையில போய் நிக்கணும். அந்த அடிக்குப் புள்ளி கெடையாது.”

எனக்கு மாமிமேல் கோபமே வந்தது. இத்தனை வருஷம் காத்திருந்து கையில் வந்த ஒன்றை இப்படியா தூக்கிப் போடுவார்கள்?

மறுநாள் மாமி சாளைமீன் வாங்கிக் கறி வைத்தாள். கொதிக்கும் சட்டியில், என் கண்முன்னால், உப்பை அள்ளிப் போட்டாள். பிறகு இன்னொரு கை.

“மாமி, போட்டாச்சே.”

“எனக்கு அறியும்,” என்றாள்.

மாமன் உட்கார்ந்தார். மாமி சோறு போட்டு, கறியை ஊற்றி, எதிரில் நின்றாள். “மூத்தவளுக்க கறியாக்கும். நாள்தோறும் கேட்டியளே. மரியாதையாட்டுத் தின்னுங்க.”

மாமன் முதல் உருண்டையை வாயில் போட்டார். செம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தார். இரண்டாவது உருண்டை, மறுபடியும் தண்ணீர். நெற்றியில் வேர்த்தது. ஆனால் இலையில் ஒரு பருக்கை விடாமல் தின்று முடித்தார். மூத்த மாமிக்கு அந்த வீட்டில் நடந்த நினைவு ஜெபங்களில் மரியாதையானது அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பிறகு நிமிராமலே சொன்னார்.

“கொள்ளாம். ஆனா ஒனக்க கறி மாதிரி வரல்ல.”

மாமி கையில் கரண்டி இருந்தது. சட்டியில் தட்டவில்லை.

“இது புள்ளி,” என்றாள்.

அடுப்பங்கரைக்குப் போய், மூடி வைத்திருந்த இன்னொரு கறிச்சட்டியை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தாள்.